அத்தியாயம் 7: சோல்டர் பேஸ்ட் டிஸ்பென்சர் – மேசையில் அடங்கும் ஒன்றை நாமே செய்வது

0805 அளவு ரெசிஸ்டர் ஒன்று 2 மி.மீ. நீளம், 1.25 மி.மீ. அகலம். அதன் ஒரு பேடுக்கு வேண்டிய சோல்டர் பேஸ்ட் ஒரு கன மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான். பத்துப் பதினைந்து பேடு என்றால் பல் குச்சியால் தொட்டு வைத்துவிடலாம். அறுபது பேடு என்றால் முதலில் கடுகளவு வைத்த கை, கடைசியில் மிளகளவு வைக்கும். கூடினால் கால்கள் ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் ஒரு முனை எழும்பி நிற்கும்.

பொத்தானை அழுத்தினால் அளவான ஒரு துளி தரும் கையடக்கக் கருவியைச் செய்வதுதான் இந்த அத்தியாயம். ஒரே டிசைனில் ஐந்து போர்டுக்கு மேல் செய்யப் போகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். போர்டு ஆர்டர் செய்யும்போதே ஸ்டென்சிலும் சேர்த்து வாங்கி, பேஸ்டை ஒரே இழுப்பில் இழுப்பது அவர்களுக்கு லாபம். டிஸ்பென்சர், ஒன்றிரண்டு போர்டு செய்து பார்த்து, மாற்றி, மறுபடி செய்கிறவர்களுக்கானது.

### எந்த வகை

கடையில் அதிகம் கிடைப்பது காற்றழுத்த வகை. வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் கம்ப்ரசர் வேண்டும். இரவு பத்து மணிக்குத் தாமான் வீட்டில் கம்ப்ரசரை ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். தோட்டத்து லயத்தில் சொல்லவே வேண்டாம். இன்னொரு பக்கம், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பட்டதாரிகள் செய்த வோல்டேரா வி-ஒன் இருக்கிறது. 2015-இல் ஜேம்ஸ் டைசன் விருதின் உலகப் பரிசைப் பெற்ற இயந்திரம் அது. மின்கடத்தும் மையால் தடம் வரையும், பேஸ்டும் தானே வைக்கும். நமக்கு அதன் ஒரு சிறு பகுதி போதும்: சிறு மோட்டார் திருகைச் சுற்ற, திருகு சிரிஞ்சின் அடைப்பானைத் தள்ளும்.

### முதலில் பேஸ்ட், பிறகுதான் கருவி

கருவி செய்வது ஒரு வாரக் கடைசி வேலை. கெடாவின் சூட்டில் பேஸ்டைக் காப்பாற்றுவதுதான் தொடர்ந்து இருக்கும் வேலை. டிஸ்பென்சர் சரியில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்குப் பேஸ்ட்தான் சரியில்லை.

பேஸ்ட் என்பது மாவு போன்ற உலோகத் துகளும் பிசுபிசுப்பான ஃப்ளக்ஸும் கலந்த கலவை. 2 முதல் 10 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வெளியே 32, 33 டிகிரியில் கிடந்தால் ஃப்ளக்ஸ் பிரிந்து ஊசி வழியாக முதலில் வழிந்துவிடும். பின்னால் தங்குவது உலர்ந்த உலோகம், அது ஊசியை அடைக்கும்.

அதனால் வாங்கும் நாளையும் யோசியுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூர் பக்கத்துக் கடைக்காரருக்குச் சனியும் ஞாயிறும். புதன்கிழமை ஆர்டர் செய்தால் பார்சல் ஏதாவது ஒரு கிடங்கின் தகரக் கூரைக்கடியில் மூன்று நாள் வேகும். ஞாயிறு இரவு ஆர்டர் செய்யுங்கள்.

எந்த உலோகக் கலவை? புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை வெள்ளீயம் 42, பிஸ்மத் 58 சதவீதம். 138 டிகிரியில் உருகும், காரீயம் கிடையாது. கீழே விழுந்து அடிபடும் கருவிகளுக்கு மட்டும் இது ஒத்துவராது, இணைப்பு நொறுங்கும் தன்மை கொண்டது. வெள்ளீயம் 63, காரீயம் 37 கலவை 183 டிகிரியில் உருகும். வேலைக்குச் சுகமானது, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். தொழிற்சாலைகளின் எஸ்ஏசி305-க்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். வீட்டுச் சூட்டுத் தட்டில் அது தொல்லை.

எச்சரிக்கை: பிஸ்மத் பேஸ்டை, காரீயம் பட்ட பழைய போர்டில் பயன்படுத்தாதீர்கள். மூன்று உலோகமும் சேர்ந்தால் 96 டிகிரி அளவிலேயே உருகும் கலவை உண்டாகும். சூடேறும் பாகத்தின் கால் வேலையின் நடுவிலேயே கழன்றுவிடும்.

பெட்டியில் துகள் வகை எண் இருக்கும். வகை 3 என்றால் 25 முதல் 45 மைக்ரான், வகை 4 என்றால் 20 முதல் 38. ஊசியின் உள்விட்டம் மிகப் பெரிய துகளைப் போல ஏழு முதல் பத்து மடங்கு இருக்க வேண்டும். வகை 4 வாங்கி, 22 கேஜ் ஊசி போடுங்கள். உள்விட்டம் 0.41 மி.மீ., பெரும்பாலும் நீல நிறத்தில் வரும். உலோகக் குழாய் ஊசியைவிடக் கூம்பு வடிவ பிளாஸ்டிக் ஊசி மேல், அடைப்பு குறைவு. 'ஸ்டென்சிலுக்கு' என்று டப்பாவில் விற்கும் பேஸ்ட் கெட்டியானது. சிரிஞ்சில் வருவதையே வாங்குங்கள்.

கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறந்தது. அதற்கும் முன்பு தென் கெடா தோட்டங்களிலிருந்து பாயான் லெப்பாஸுக்குக் கம்பெனி பஸ் ஓடிய காலம் உண்டு. ஆகவே பாடாங் செராயிலோ லூனாஸிலோ இருக்கும் உங்களுக்கு, எஸ்எம்டி லைனில் நின்ற ஓர் அக்காவோ மாமாவோ இருக்க வாய்ப்பு அதிகம். பேஸ்ட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்தையும்விடக் கூடுதல், கேளுங்கள். கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலாவதியான பேஸ்ட் கொண்டு வரச் சொல்லாதீர்கள். கெட்ட பேஸ்ட் உங்களுக்கு உதவாது, அவர் வேலைக்கும் ஆபத்து.

### வேண்டிய சாமான்

மோட்டார்: 28பிஒய்ஜே-48 என்ற 5 வோல்ட் ஸ்டெப்பர், அதோடு சேர்ந்து வரும் யுஎல்என்2003 போர்டு. மூளைக்கு ஓர் ஆர்டுயினோ நானோ. 5 வோல்ட், 1 ஆம்பியர் போன் சார்ஜர், சிரிம் முத்திரை உள்ளதாக. இரண்டு பொத்தான், ஒரு 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர், ஒரு லிமிட் சுவிட்ச்.

இயந்திரப் பகுதிக்கு: எம்5 திருகுக் கம்பி 80 மி.மீ., அதற்கான நட்டு, 5-க்கு 5 மி.மீ. கப்ளர், எஃப்5-10எம் என்ற சிறு அழுத்த பேரிங், இரண்டு 4 மி.மீ. வழிகாட்டிக் கம்பிகள், 8 மி.மீ. வெளிவிட்டமும் 6 மி.மீ. உள்விட்டமும் உள்ள அலுமினியக் குழாய் ஒரு துண்டு. திருகுக் கம்பி சுங்கை பட்டாணியில் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். நட்டைக் கையால் ஓட்டிப் பார்த்து, எங்கும் பிடிக்காத கம்பியாக எடுங்கள்.

சிரிஞ்சு: 3 சிசி, ஊசியைத் திருகிப் பூட்டும் வகை. பேஸ்ட் பெரும்பாலும் 10 சிசியில் வரும், அதை அப்படியே மாட்டத்தான் எல்லோருக்கும் தோன்றும். 10 சிசி குழாயின் விட்டம் 16 மி.மீ. அளவு, 3 சிசிக்குச் சுமார் 9. அதே நகர்வில் பெரிய குழாய் மூன்று மடங்கு பேஸ்டைத் தள்ளும், துல்லியம் மூன்றில் ஒன்றாகும். இரண்டு சிரிஞ்சையும் முகத்தோடு முகம் இணைக்கும் லூயர் இணைப்பான் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டத்தை 3டி பிரிண்டில் எடுப்பதாக இருந்தால் பெட்ஜி பிளாஸ்டிக்கில் எடுங்கள். பிஎல்ஏ 60 டிகிரியில் இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது சாதாரணம். பிரிண்டர் இல்லாதவர்கள் 9 மி.மீ. பிளைவுட்டில் மூன்று பலகை அறுத்தாலும் போதும்.

### பொருத்தும் முறை

1. மூன்று பலகைகளையும் வரிசையாக வையுங்கள்: பின்பலகையில் மோட்டார், நடுப்பலகையில் பேரிங், முன்பலகையில் சிரிஞ்சின் காது உட்காரும் காடி. மூன்றின் மையத் துளையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாக அடுக்கிப் பிடித்து ஒரே தடவையில் துளையிடுவது எளிய வழி.

2. திருகுக் கம்பியைக் கப்ளரால் மோட்டார் தண்டோடு இணையுங்கள். தண்டில் தட்டையான பக்கம் இருக்கும். கப்ளரின் திருகு அந்தத் தட்டையின் மேல்தான் இறுக வேண்டும்.

3. கப்ளருக்கு முன்னால், நடுப்பலகையில் சாய்ந்து நிற்கும்படி அழுத்த பேரிங்கை மாட்டுங்கள். இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிக் கம்பியை பேரிங்கில் தாங்க வையுங்கள். தள்ளும் விசை திரும்பி வரும்போது அது மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரங்களுக்குப் போகாமல் பலகைக்குப் போக வேண்டும். இந்தப் படியை விட்டால் மோட்டார் சீக்கிரம் போய்விடும்.

4. நகரும் நட்டை ஒரு சறுக்குக் கட்டையில் பதித்து, கட்டையை 4 மி.மீ. கம்பிகளில் ஓட விடுங்கள். நட்டு சுற்றாமல் முன்னும் பின்னும் மட்டும் நகர வேண்டும்.

5. அலுமினியக் குழாயைச் சறுக்குக் கட்டையின் முன்பக்கம் ஒட்டுங்கள். குழாய் ஏன் என்றால், கட்டை பின்னால் வரும்போது திருகுக் கம்பி அதற்குள் நுழைய இடம் வேண்டும். முன் முனையைத் தட்டையான மூடியால் அடையுங்கள்.

6. அந்த மூடியை அடைப்பானோடு ஒட்டாதீர்கள், தொட்டுத் தள்ளினால் போதும். ஒட்டினால் மோட்டார் பின்வாங்கும்போது ஊசி வழியே காற்று உள்ளே வரும்.

7. கட்டை முழுதாகப் பின்வாங்கும் இடத்தில் லிமிட் சுவிட்சை வையுங்கள்.

### இணைப்பும் நிரலும்

யுஎல்என் போர்டின் நான்கு உள்ளீடுகளும் நானோவின் டி8 முதல் டி11 வரை. துளிப் பொத்தான் டி2, பின்னோட்டப் பொத்தான் டி4, லிமிட் சுவிட்ச் டி3. மூன்றின் மறுமுனையும் தரைக்கு. பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்கால் ஏ0-க்கு. மோட்டாருக்கான 5 வோல்ட்டைச் சார்ஜரிலிருந்து நேராக எடுங்கள், நானோவின் காலிலிருந்து எடுக்காதீர்கள். தரை இரண்டுக்கும் பொது.

ஆக்செல்ஸ்டெப்பர் நிரல் நூலகத்தில் அரைப்படி முறையைத் தேர்ந்து, கால்களை 8, 10, 9, 11 என்ற வரிசையில் கொடுங்கள். 8, 9, 10, 11 என்று கொடுத்தால் மோட்டார் நடுங்குமே தவிரச் சுற்றாது. வேகம் நொடிக்கு 800 அரைப்படி. ஆயிரத்தைத் தாண்டினாலும் அதே நடுக்கம்தான்.

ஒரு சுற்றுக்கு 4,096 அரைப்படி என்று எல்லோரும் எழுதுவார்கள். பல்சக்கரங்களை எண்ணினால் 4,076 வருகிறது. பேஸ்ட் வேலைக்கு இந்த வித்தியாசம் பொருட்டில்லை. எம்5 திருகு சுற்றுக்கு 0.8 மி.மீ. நகரும், ஆக ஒரு மி.மீ. நகர 5,120 அரைப்படி. 9 மி.மீ. குழாயில் ஒரு கன மில்லிமீட்டர் பேஸ்டுக்குச் சுமார் 80 அரைப்படி. 0805 பேடுக்கு 12 முதல் 16. பொட்டென்ஷியோமீட்டர் 5-லிருந்து 60 வரை தரும்படி வைத்தால் பெரிய பேடுக்கும் இடம் இருக்கும்.

பொத்தானை அழுத்தினால் நடக்க வேண்டியது இது:

1. பின்வாங்கு அளவும் துளி அளவும் சேர்த்து முன்னால் தள்ளு. பின்வாங்கு அளவு தொடக்கத்தில் 150.
2. 0.3 நொடி நில்.
3. 150 அரைப்படி பின்னால் வா.
4. மோட்டார் சுருள்களுக்கு மின்சாரத்தை நிறுத்து.

பேஸ்ட் அழுத்தத்தை உள்ளே சேர்த்து வைக்கும். மோட்டார் நின்ற பிறகும் ஊசியில் வழிந்துகொண்டே இருக்கும். மூன்றாவது படி அந்த அழுத்தத்தை விடுவிக்கிறது. நான்காவதைப் பலர் விட்டுவிடுவார்கள். சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் மோட்டார் சுடும், சூடு பேஸ்டுக்கும் இறங்கும். எம்5 திருகு தானாகப் பின்னால் சுழலாது, பிடித்து வைக்க மின்சாரம் தேவையில்லை.

துளிப் பொத்தானை இரண்டு நொடி பிடித்திருந்தால் தொடர்ந்து முன்னோடும்படியும் எழுதிக்கொள்ளுங்கள், ஊசியை நிரப்ப அது வேண்டும். முழுப் பின்னோட்டத்துக்கு நாலரை நிமிடம் பிடிக்கும். அதற்குள் டீ கலக்கிவிடலாம்.

### பேஸ்ட் ஏற்றுதல்

1. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த சிரிஞ்சை, மூடியைத் திறக்காமல் நான்கு மணி நேரம் வெளியே வையுங்கள். குளிர்ந்த பேஸ்டை நம் ஊர் ஈரக்காற்றில் திறந்தால் உள்ளே நீர் கோக்கும். சூடேற்றும்போது அந்த நீர் வெடித்து, சிறுசிறு உலோக உருண்டைகளைப் போர்டெங்கும் தெறிக்கும். அவசரத்துக்கு வெயிலில் வைப்பது, வெந்நீரில் போடுவது எதுவும் வேண்டாம்.
2. 3 சிசி சிரிஞ்சின் அடைப்பானை முன்முனை வரை தள்ளிவிடுங்கள்.
3. லூயர் இணைப்பானால் இரண்டையும் இணைத்து, பெரியதிலிருந்து மெதுவாக அழுத்துங்கள். வரும் பேஸ்டே சிறிய அடைப்பானைப் பின்னால் தள்ளட்டும். இப்படிச் செய்தால் காற்று புகாது. கரண்டியால் அள்ளிப் போட்டால் கட்டாயம் புகும்.
4. ஊசியைத் திருகிப் பூட்டி, கருவியில் மாட்டி, பேஸ்ட் எட்டிப் பார்க்கும் வரை முன்னோட்டுங்கள்.

### அளவு பார்த்தல்

0.01 கிராம் காட்டும் நகைத் தராசு இருந்தால், 4,000 அரைப்படி தொடர்ந்து தள்ளி, வழிவது நின்ற பிறகு எடை பாருங்கள். 50 கன மில்லிமீட்டர் வந்திருக்க வேண்டும். பிஸ்மத் பேஸ்டில் அது 0.2 கிராமை ஒட்டி இருக்கும். மிகக் குறைந்தால் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது கப்ளர் நழுவுகிறது.

பிறகு கட்டம் போட்ட தாளில் ஐந்து வரிசை துளி வையுங்கள். முதல் வரிசையைக் கணக்கில் எடுக்காதீர்கள், அழுத்தம் சமநிலைக்கு வரும் நேரம் அது. துளிகளுக்கு வால் இழுத்தால் பின்வாங்கு அளவைக் கூட்டுங்கள். பொத்தானுக்கும் துளிக்கும் இடையே தாமதம் தெரிந்தால் குறையுங்கள்.

### போர்டில் வைக்கும்போது

அதிகாலையோ, ஏர்கான் ஓடும் அறையோ நல்லது. கூரை மின்விசிறிக்கு நேர்கீழே உட்காராதீர்கள், துளி காய்ந்து பாகத்தைப் பிடிக்காது. போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மேசையில் டேப்பால் ஒட்டுங்கள்.

ஊசி நுனியைப் பேடுக்கு மேல் அரை மி.மீ. அளவில் பிடித்து, பொத்தானை அழுத்தி, துளி பேடைத் தொட்டதும் நேர்மேலே தூக்குங்கள். சாய்த்து இழுத்தால் வால் விழும். துளி பேடின் பாதிக்குக் கொஞ்சம் கூட இருந்தால் போதும், உருகும்போது தானே பரவும்.

கால்கள் 0.5 மி.மீ. நெருக்கமாக உள்ள ஐசிக்குக் காலுக்கு ஒரு துளி என்று போராடாதீர்கள். கால் வரிசையின் குறுக்கே மெல்லிய கோடாக இழுங்கள். உருகும்போது அது பெரும்பாலும் அந்தந்தக் காலுக்குப் பிரிந்துவிடும். ஒட்டிக்கொண்டதை ஃப்ளக்ஸும் செம்புப் பின்னலும் எடுத்துவிடும். அடியில் பெரிய பேடு உள்ள சில்லுக்கு நடுவில் குவிக்காமல், பாதிப் பரப்பு மூடும்படி நான்கைந்து சிறு துளிகளாக வையுங்கள். குவித்தால் சில்லு படகாட்டம் மிதந்து கால் தொடாமல் போகும்.

வைத்த அரை மணிக்குள் பாகங்களை வைத்துச் சூடேற்றிவிடுங்கள். பிஸ்மத் பேஸ்டுக்குத் தட்டு 165 டிகிரி வரை போனால் போதும்.

### பேஸ்ட் வரவில்லை என்றால்

வேகத்தைக் கூட்டி அழுத்தாதீர்கள். இந்த மோட்டாரும் எம்5 திருகும் சேர்ந்து ஆறு கிலோ எடை அளவுக்குத் தள்ளும். 9 மி.மீ. குழாயில் அது 9 பார் அழுத்தம் வரை ஏறலாம், பல சிரிஞ்சுகள் 7 பாருக்குத்தான் செய்யப்பட்டவை. பூட்டு சரியாக விழாத ஊசி கண்ணை நோக்கிப் பறக்கும். ஐந்து தடவை அழுத்தியும் வரவில்லையா, நிறுத்துங்கள். பின்னோட்டி அழுத்தத்தை விடுவித்த பிறகு ஊசியைக் கழற்றிப் பாருங்கள். ஊசி இல்லாமல் பேஸ்ட் வந்தால் ஊசியைத் தூக்கிப் போட்டு வேறு மாட்டுங்கள், குத்திச் சுத்தம் செய்வது நேர விரயம். ஊசி இல்லாமலும் வரவில்லை என்றால் முன்முனையில் பேஸ்ட் உலர்ந்திருக்கிறது. அந்தக் குழாய் முடிந்தது.

வந்தும் துளிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் காற்றுக் குமிழ். சிரிஞ்சை நுனி மேலே பார்க்க நிறுத்தி, குமிழ் வெளியேறும் வரை மெதுவாக முன்னோட்டுங்கள்.

### பாதுகாப்பு

பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், மேலே சொன்ன ஊசிக்காகவே. கையுறை போடுங்கள். சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் நாம், நக இடுக்கில் தங்கிய பேஸ்ட் நேராக வயிற்றுக்குப் போகும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு, நகம் வரை கழுவுங்கள்.

ஃப்ளக்ஸ் புகை ஆஸ்துமாவைக் கிளப்பும். ஜன்னலோரம் உட்கார்ந்து, சிறு விசிறி புகையை வெளியே தள்ளும்படி வையுங்கள். ஆல்கஹால் புட்டியைச் சூட்டுத் தட்டுக்கு அருகில் வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஹாலில் வேலை செய்கிறவர்கள் சாமி மேடை விளக்கை மறந்துவிடுவார்கள், ஆல்கஹால் ஆவி விளக்குச் சுடரிலும் பற்றும். இடி இடிக்கும் மாலைகளில் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

பேஸ்டைச் சாப்பாட்டுக் குளிர்ப்பெட்டியில் வைக்கவே கூடாது என்பதுதான் சரியான விதி. தனியாகச் சின்னக் குளிர்ப்பெட்டி வாங்க முடியாதவர்கள், பிஸ்மத் பேஸ்டை மட்டும் ஜிப் பைக்குள் போட்டு, பூட்டக்கூடிய பெட்டியில், கதவுத் தட்டில் இல்லாமல் உள்ளே வைக்கலாம். காரீயப் பேஸ்டுக்கு இந்தச் சலுகையும் இல்லை. மைலோ டின், மார்ஜரின் டப்பா இரண்டும் வேண்டாம். வீட்டில் யார் வேண்டுமானாலும் திறக்கும் பாத்திரங்கள் அவை. உறைய வைக்கும் தட்டும் வேண்டாம்.

### வேலை முடிந்ததும்

1. பின்னோட்டி, அழுத்தம் இல்லாத நிலைக்குக் கொண்டு வாருங்கள்.
2. ஊசியைக் கழற்றி, குழாய் நுனியைத் துடைத்து, மூடியைத் திருகுங்கள். ஊசியோடு வைத்தால் மறுநாள் அடைத்திருக்கும்.
3. திறந்த தேதியைக் குழாயில் எழுதி, நுனி கீழே பார்க்க நிறுத்திக் குளிரில் வையுங்கள். பெரிய சிரிஞ்சுக்கும் இதே முறை.
4. ஒரு தடவை வெளியே எடுத்த பேஸ்டைத் திரும்பப் பெரிய சிரிஞ்சுக்குள் தள்ளாதீர்கள்.
5. பழைய ஊசி, துடைத்த தாள், கையுறை எல்லாம் மூடியுள்ள பிளாஸ்டிக் புட்டியில் சேரட்டும். லோங்காங்கில் கழுவி விடாதீர்கள், அது ஆற்றுக்குப் போகும். புட்டி நிரம்பியதும், சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த மின்கழிவு மையத்தில் பேஸ்ட் இருப்பதைச் சொல்லி, வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.